காகிதத்தில் ஒரு செம்பருத்தி

உயிருள்ள பூவைப் போலவே தோன்றும் காகிதப் பூவைக் கையால் செய்வது, தாவரவியலும் கைவேலையும் கைகோக்கும் ஒரு கலை. திருவிழாப் பந்தலிலும் சப்பரத்திலும் தொங்கும் வண்ணத்தாள் பூக்களுக்குத் தாளை மடித்து வெட்டிக் கட்டினாலே போதும். அவை எந்தச் செடியின் பூக்கள் என்று யாரும் கேட்பதில்லை. இயல்பான காகிதப் பூவைப் பார்ப்பவரோ அதன் பெயரைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு இதழ்களின் எண்ணிக்கை, அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் முறை, நடுவிலிருக்கும் உறுப்புகள், காம்பின் பருமன், இலை கிளைக்கும் இடம் ஆகிய அனைத்தும் செடியில் உள்ளபடியே அமைய வேண்டும். விரல்களுக்குப் பழக்கம் தானாக வந்துவிடும். தொடங்குபவர் முதலில் பழக்க வேண்டியது கண்ணைத்தான்.

குயிலாப்பாளையமும் காகிதமும்

இந்தக் கலையைத் தொடங்க ஏற்ற சூழல் உள்ள ஊர்களில் ஒன்று குயிலாப்பாளையம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய செம்மண் நிலத்தில் இவ்வூர் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்ட ஆரோவில் இதன் பக்கத்திலேயே வளர்ந்ததால், ஊதுவத்தி, தையல், மண்பாண்டம், காகிதம் என்று பல கைத்தொழில்கள் சுற்றுவட்டாரக் கிராமத்தினருக்கு அறிமுகமாயின.

காகிதத் தொழில் இந்தப் பகுதிக்கு ஆரோவிலுக்கு முன்பே வந்துவிட்டது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கைமுறைக் காகித ஆலை 1959-ல் தொடங்கப்பட்டது. அதற்கும் கால் நூற்றாண்டு முன்னால், 1934-ல், காந்தியின் முயற்சியால் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் உருவானது. அதன் செயலாளராக இருந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. நலிந்து கிடந்த கைமுறைக் காகிதத் தொழிலுக்கு அந்தச் சங்கம் மறுபடி உயிர் கொடுத்தது.

கைமுறைக் காகிதத்துக்கு மரம் வெட்ட வேண்டியதில்லை. திருப்பூர் போன்ற ஊர்களின் பனியன் ஆலைகளில் மிஞ்சும் பருத்தித் துணித் துண்டுகளே அதன் முக்கிய மூலப்பொருள். துண்டுகளைத் தரம் பிரித்து நறுக்கி, நீரில் கூழாகும்வரை அரைக்கிறார்கள். கம்பிவலை பதித்த சட்டத்தால் கூழைத் தொட்டியிலிருந்து அள்ளும்போது நீர் வடிந்து இழைகள் ஒரு படலமாகத் தங்குகின்றன. அந்தப் படலத்தைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, காயவைத்தால் தாள் தயார். பருத்தி இழை நீளமானது என்பதால் இந்தத் தாள் எளிதில் கிழிவதில்லை. ஈரப்படுத்தி வளைத்தாலும் உருக்குலைவதில்லை. பூ செய்பவருக்கு இவ்விரண்டு குணங்களும் பெரிய வரம்.

ஆரோவிலிலும் கைமுறைக் காகிதம் செய்யும் பட்டறை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களின் வருவாய்க்காகத் தொடங்கப்பட்ட ‘வெல் பேப்பர்’ என்னும் அமைப்பு பழைய செய்தித்தாளைச் சுருட்டியும் பின்னியும் கூடைகள், கிண்ணங்கள், அணிகலன்கள் செய்யக் கற்றுத்தந்தது. தாளைச் சீராக நறுக்குவது, குச்சியில் இறுகச் சுற்றுவது, பசையை அளவாகத் தடவுவது ஆகியவை இத்தகைய வேலையில் தினமும் பழகும் திறமைகள். காகிதப் பூவுக்கும் அடிப்படை அவையே.

பார்த்துச் செய்ய வேண்டிய பூக்களுக்கும் இங்கே குறைவில்லை. ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னை ஏறத்தாழ 900 பூக்களுக்கு ஆன்மிகப் பொருள் தரும் பெயர்களைச் சூட்டினார். போகன்வில்லாவுக்கு ‘பாதுகாப்பு’ என்றும் வேம்புக்கு ‘ஆன்மிகச் சூழல்’ என்றும் மரமல்லிக்கு ‘மாற்றம்’ என்றும் பெயர். ஆரோவிலின் நடுவிலுள்ள மாத்ரிமந்திரைச் சுற்றியுள்ள 12 தோட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பருத்தி வகையை அவர் குறித்தார். தொடங்குபவர் வரிசையாகப் பழகுவதற்கு ஏற்ற மூன்று பூக்களும் இந்தச் சூழலில் கண்ணெதிரே இருப்பவை: போகன்வில்லா, கப்பலரளி, செம்பருத்தி.

பிற ஊர்களில், பிற நாடுகளில்

இயற்கைப் பூவைப் படியெடுக்கும் கலை தமிழகத்துக்குப் புதிதன்று. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தண்டைச் சீவி மாலையும் சிற்பமும் செய்வது தஞ்சைப் பகுதியின் பழைய தொழில். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் ஏறும் நெட்டி மாலைக்குக் கும்பகோணம் அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை பேர்பெற்றது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற அம்மையார் 1772-ல், தமது 72-ஆம் வயதில், வண்ணத் தாள்களைப் பூவின் உறுப்புகளாக வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டும் வேலையைத் தொடங்கினார். கண் பார்வை மங்கும்வரை சுமார் பத்தாண்டுகளில் ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் பூப்படங்களை உருவாக்கினார். உண்மையான செடியை முன்னால் வைத்துக்கொண்டே அவர் வேலை செய்தார். மகரந்தத்தாள்களின் எண்ணிக்கைகூடச் சரியாக இருந்ததால் தாவரவியலாளர்களும் அந்தப் படங்களை மதித்தார்கள். அவை இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

போர்ச்சுகலின் கம்போ மையோர் ஊரில் மக்கள் தாங்களே செய்த காகிதப் பூக்களால் தெருக்களையெல்லாம் மூடி விழா எடுக்கிறார்கள். அந்த விழாவை 2021-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வியட்நாமின் ஹுவே நகரருகே உள்ள ‘தான் டியென்’ என்னும் கிராமம் புத்தாண்டுக்கான காகிதப் பூக்களையே குலத்தொழிலாகக் கொண்டது.

தாளின் குணம்

காகிதப் பூவுக்கு மூன்று வகைத் தாள்கள் பயன்படுகின்றன. சுருக்கங்கள் கொண்ட கிரேப் பேப்பர் முதலாவது. அந்தச் சுருக்கங்கள் விரியும்போது தாள் நீளும். எனவே இதழைக் குழியாகவும் விளிம்பை அலையாகவும் வடிக்கலாம். அலங்காரத் தோரணத்துக்காகக் கடைகளில் விற்கும் மெல்லிய கிரேப் பழகுவதற்குப் போதும். தடித்த வகை அதிகம் நீளும், உருவத்தை நன்றாகத் தாங்கும். தடித்தது கிடைக்காத இடத்தில் மெல்லிய தாள் இரண்டை நீர்த்த பசையால் ஒட்டிக் காயவைத்துப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, டிஷ்யூ பேப்பர் அல்லது பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாள். ஒளி ஊடுருவும் இதழ்களுக்கு இது பொருந்தும். மூன்றாவது கைமுறைக் காகிதம். வெள்ளைத் தாளாக வாங்கி வேண்டிய நிறத்தைத் தீட்டிக்கொள்ளலாம். இலைக்கும் தடித்த இதழுக்கும் இது மிகவும் ஏற்றது.

தொடங்குபவர் எல்லாவற்றுக்கும் முன்பு அறிய வேண்டியது தாளின் இழைப்போக்கு. ஆலையில் எந்திரம் ஓடும் திசையிலேயே இழைகள் படிவதால் தாள் அந்தத் திசையில் நேராகக் கிழியும், எளிதாக மடியும். குறுக்குத் திசையில் கோணலாகக் கிழியும். கையால் அள்ளிய தாளில் இழைகள் பல பக்கமும் படிவதால் இந்த வேறுபாடு குறைவு. கிரேப்பில் சுருக்கக் கோடுகளே திசையைக் காட்டிவிடும். தாள் நீள்வது அந்தக் கோடுகளுக்குக் குறுக்காகத்தான். ஆகவே இதழின் அடியிலிருந்து நுனிவரை கோடுகள் ஓடும்படி வார்ப்பை வைத்து வெட்ட வேண்டும். அப்போதுதான் இரு கட்டைவிரல்களையும் இதழின் நடுவில் வைத்து வெளிப்பக்கமாக இழுத்தால் குழிவு விழும். உண்மையான இதழின் நரம்புகளும் அடியிலிருந்து நுனி நோக்கி ஓடுபவை என்பதால், சுருக்கக் கோடுகளே நரம்பாகத் தோன்றி இயல்பைக் கூட்டும். வார்ப்பைக் குறுக்கே வைத்து வெட்டிய இதழை எவ்வளவு இழுத்தாலும் குழியாது. முதன்முறை செய்பவர்களின் பூக்கள் தட்டையாக நின்றுவிடப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கருவிகளும் பொருள்களும்

கூர்மையான சிறு கத்தரிக்கோல் ஒன்று, சாமணம் ஒன்று, எழுதி முடிந்த பால்பாயிண்ட் பேனா ஒன்று, அடிமட்டம், பென்சில், பழைய அட்டை ஆகியவை தேவை. விளக்குமாற்று ஈர்க்கு இதழ் நுனியைச் சுருட்டவும், மெல்லிய குழல் செய்யவும், சில பூக்களுக்குக் காம்பாகவும் உதவும். சிறிய கரண்டியின் முதுகு, ஈரப்படுத்திய கைமுறைக் காகிதத்தை அழுத்திக் குழியாக்கப் பயன்படும்.

கம்பியின் பருமனைக் கேஜ் எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். முதன்மைக் காம்புக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் கம்பி. கிளைக்கும் பூக்காம்புக்கும் 22 கேஜ். சிறு பூவுக்கும் இலைக்கும் 26 கேஜ். கட்டடவேலைக்கு வாங்கும் கட்டுக்கம்பியையும் காம்பாக்கலாம்; ஆனால் கடற்காற்றில் அது விரைவில் துருப்பிடித்துத் தாளில் கறை படியும் என்பதால் முழுவதும் இறுகச் சுற்றி மூட வேண்டும். காம்பைச் சுற்றும் பச்சை டேப், மெழுகூட்டிய கிரேப் தாளால் ஆனது. அதை இழுத்துக்கொண்டே சுற்றினால்தான் மெழுகு வெளிப்பட்டு ஒட்டும். டேப் இல்லாதபோது அரை அங்குல அகலப் பச்சைக் கிரேப் நாடாவில் பசை தடவிச் சுற்றலாம்.

பசைக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதுமானது, காய்ந்ததும் நிறமற்றதாகிவிடும். மைதாவை ஐந்து மடங்கு நீரில் கரைத்துச் சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சிய பசையும் நன்றாக ஒட்டும், ஆனால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். புத்தகம் கட்டுபவர்கள் அது கெடாதிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. துத்தம் நச்சுப்பொருள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்த்து, பசையை அன்றன்று காய்ச்சிக்கொள்வதே நல்லது. எந்தப் பசையானாலும் ஈர்க்கு நுனியால் தொட்டு வைக்கும் அளவே போதும். பசை மிகுந்தால் கிரேப்பின் சாயம் கரைந்து பரவும், இதழும் விறைத்துவிடும்.

பூவைப் பிரித்துப் பார்த்தல்

பள்ளிக்கூடத்தில் செம்பருத்தியைப் பிரித்துப் புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என்று நோட்டில் ஒட்டியது பலருக்கு நினைவிருக்கும். காகிதப் பூவுக்கும் அதுவே முதல் பாடம். ஒரே வகைப் பூவில் மூன்று பறித்துக்கொள்ள வேண்டும். முதல் பூவை முழுதாக வைத்துப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் பின்னாலிருந்தும் பார்க்க வேண்டும். பின்பக்கத்தைப் பார்க்காமல் செய்த பூ, திரும்பியவுடன் பொய்யாகிவிடும். இரண்டாவது பூவைப் பிரித்து ஒவ்வோர் உறுப்பையும் எண்ண வேண்டும். மூன்றாவது பூவை நீளவாக்கில் பிளந்து, உறுப்புகள் எந்த மட்டத்தில் பொருந்தியிருக்கின்றன என்று அறிய வேண்டும்.

பிரித்த இதழை அட்டைமேல் பரப்பி ஓரத்தைப் பென்சிலால் வரைந்தால் வார்ப்பு கிடைத்துவிடும். அடியில் அரை சென்டிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். கம்பியில் கட்டுவதற்கான பிடி அது. வார்ப்பில் பூவின் பெயர், இதழ் எண்ணிக்கை, இழைப்போக்கின் திசையைக் காட்டும் அம்புக்குறி மூன்றையும் எழுதி வைத்தால் அடுத்த முறை தேட வேண்டியிருக்காது. நிறத்தைக் கைப்பேசிப் படத்தை நம்பி முடிவுசெய்யாமல், பூ வாடும் முன்னரே தாளை அதன் அருகில் வைத்து ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதற்பூ: போகன்வில்லா

மக்கள் வழக்கில் காகிதப்பூ என்றே அழைக்கப்படும் போகன்வில்லா, தொடங்குபவருக்கு மிக எளிது. 1767-ல் பிரெஞ்சுக் கடலோடி புகன்வீல் உலகைச் சுற்றிவந்தபோது, அவருடன் சென்ற தாவரவியலாளர் கொமர்சோன் பிரேசிலில் இந்தக் கொடியைக் கண்டார். இதில் வண்ணமாகத் தெரிபவை இதழ்களல்ல, பூவடிச் செதில்கள். மூன்று செதில்கள் சேர்ந்து ஒரு தொகுதி. ஒவ்வொரு செதிலின் நடு நரம்போடும் ஒட்டியபடி ஒரு சிறு குழல்வடிவப் பூ நிற்கும்.

இளஞ்சிவப்பு டிஷ்யூ பேப்பரில் 3.5 சென்டிமீட்டர் நீளம், 2.5 சென்டிமீட்டர் அகலத்தில் நுனி கூரான மூன்று செதில்களை வெட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மடித்துப் பிரித்தால் நடு நரம்பு கிடைக்கும். அதை நாளிதழ் அடுக்கின்மேல் வைத்து, எழுதி முடிந்த பேனாவால் நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கிளை நரம்புகளைக் கீற வேண்டும். செதிலின் இயல்பே இந்த வலைநரம்புகளில்தான் இருக்கிறது.

குழல் பூவுக்கு, இரண்டு சென்டிமீட்டர் சதுர வெளிர்மஞ்சள் தாளை 26 கேஜ் கம்பியின் நுனியில் சுற்றி ஒட்ட வேண்டும். இப்படி மூன்று செய்து, அவற்றில் ஒன்றின் வாயை மட்டும் ஐந்து சிறு பற்களாக நறுக்கி வெளியே மடித்தால் விரிந்த பூ. மற்ற இரண்டின் நுனியைத் திருகி மூடினால் மொட்டுகள். ஒரு தொகுதியில் மூன்று பூக்களும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் விரிவதில்லை. இந்தச் சிறு வேறுபாடே செய்த பூவுக்கு உயிர் தருகிறது. குழலை அதன் செதிலின் நடு நரம்பில் கீழ்ப்பாதிவரை ஒட்டி, மூன்று செதில்களும் முதுகு வெளியே தெரியும்படி சேர்த்து டேப் சுற்ற வேண்டும். இப்படிப் பல தொகுதிகளைக் கிளை நுனியில் நெருக்கமாகக் கட்டி, கீழே இலைகளை மாறி மாறி வைத்தால் ஒரு கொத்து முடியும். முதுகுப் பக்கச் செதில்களில் ஒன்றிரண்டைச் சற்று வெளிறிய தாளில் செய்வது, வெயில் பட்ட பழைய செதில்களைக் காட்டும்.

இரண்டாம் பூ: கப்பலரளி

கோயில் வளாகங்களிலும் கடற்கரைத் தோட்டங்களிலும் வளரும் கப்பலரளியின் பூ, ஐந்து தடித்த வெள்ளை இதழ்களும் மஞ்சள் தொண்டையும் கொண்டது. ஸ்ரீ அன்னை இதற்கு உளவியல் முழுமையைக் குறிக்கும் பெயரை இட்டார். மகரந்தத்தாள்கள் குழலுக்குள் மறைந்திருப்பதால் நடு உறுப்பு எதுவும் செய்ய வேண்டியதில்லை. கவனம் முழுவதையும் இதழ் அமைப்பில் செலுத்தலாம்.

இந்தப் பூவில் கற்க வேண்டியது திருகு இதழமைவு. ஒவ்வோர் இதழின் ஒரு விளிம்பு பக்கத்து இதழின் மேலும், மறு விளிம்பு இன்னோர் இதழின் கீழும் இருக்கும். ஐந்தும் ஒரே திசையில் சுழலும். தடித்த வெள்ளைத் தாளில் 5 சென்டிமீட்டர் நீள இதழ்கள் ஐந்தை வெட்டி, அடிப்பகுதியில் மஞ்சள் பேஸ்டல் பொடியை விரலால் தேய்க்க வேண்டும். அடர் மஞ்சள் அடியில் தொடங்கி, இதழின் நடுவுக்கு வரும்போது தானாக மறைய வேண்டும். பிறகு ஒவ்வோர் இதழின் ஒரே பக்க விளிம்பை ஈர்க்கால் மெல்ல உட்புறம் சுருட்ட வேண்டும்.

ஐந்து இதழ்களையும் மேசைமேல் விசிறிபோல் பரப்பி, ஒவ்வொன்றும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கை மூடும்படி அடியில் மட்டும் பசை வைக்க வேண்டும். விசிறியைக் கூம்பாகச் சுருட்டி, கடைசி இதழை முதல் இதழின் கீழே செருகினால் சுழல் முழுமையாகும். கூம்பின் அடியில் 22 கேஜ் கம்பியைச் செருகி, வெளிர்பச்சைத் தாள் சுற்றிக் குழலாக்க வேண்டும். பசை காய்ந்த பின்பே இதழ்களை வெளியே மலர்த்த வேண்டும். ஈரத்தில் தொட்டால் சுழல் கலைந்துவிடும்.

மூன்றாம் பூ: செம்பருத்தி

செம்பருத்தியிலும் இதழமைவு அதே திருகுதான். ஆனால் இதழ் பெரிது, விளிம்பு அலையலையானது, நடுவில் நீண்ட மகரந்தக் குழலும் உண்டு. முதலிரு பூக்களில் கற்றவை அனைத்தும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

நடுவிலிருந்து தொடங்க வேண்டும். 22 கேஜ் கம்பியில் மேல் 7 சென்டிமீட்டரைச் சிவப்பு கிரேப் நாடாவால் மெல்லியதாகச் சுற்ற வேண்டும். கம்பி நுனியில் ஐந்து சிறு சிவப்பு நூல் துண்டுகளைக் கட்டி, ஒவ்வொன்றின் முனையிலும் அடர்சிவப்பு நிறம் கலந்த பசைத் துளி ஒன்றை வைத்துக் காயவிட்டால் சூலக முடிகள் ஐந்தும் அமைந்துவிடும். அவற்றுக்குக் கீழே, குழலின் மேற்பாதியில் மட்டும் மகரந்தப்பைகள் வர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் அகல மஞ்சள் தாளை ஓரத்தில் முடிபோல் நெருக்கமாக நறுக்கி, சாய்வாகச் சுற்றி ஒட்டி, நுனிகளைச் சாமணத்தால் நாலா பக்கமும் விரிக்க வேண்டும். குழலின் கீழ்ப்பாதி வெறுமையாகவே இருக்கட்டும்.

இதழ் ஒவ்வொன்றும் 7 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் கொண்டு, அடியில் குறுகி மேலே அகன்றிருக்க வேண்டும். வெட்டிய இதழை மெல்லிய பருத்தித் துணிக்குள் வைத்து, சுருக்கக் கோடுகளின் திசையிலேயே துணியை முறுக்கிப் பிழிந்து பிரித்தால் அடியிலிருந்து விரியும் நரம்பு மடிப்புகள் விழும். பிறகு மேல் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து, சிறிது சிறிதாக எதிரெதிராக இழுத்தால் அலைகள் வரும். அடிப்பகுதியை மட்டும் லேசாகக் குழிக்க வேண்டும். அடியில் அடர்சிவப்பு பேஸ்டல் பொடியை விரலால் தேய்த்து, ஓரத்தை மங்கச் செய்வது செம்பருத்தியின் இருண்ட தொண்டையைக் காட்டும்.

ஐந்து இதழ்களையும் ஒரே திசைத் திருகில், குழலின் அடியைச் சுற்றி ஒவ்வொன்றாக நூலால் கட்ட வேண்டும். ஒவ்வோர் இதழைக் கட்டியதும் நூலை இறுக்கிய பிறகே அடுத்ததை வைக்க வேண்டும். ஐந்தாம் இதழின் ஒரு விளிம்பை முதல் இதழுக்குக் கீழே செருகினால் வட்டம் நிறையும். அதன்மேல் ஐந்து பற்கள் கொண்ட பச்சைப் புல்லிவட்டத்தை ஒட்டி, அதற்கும் வெளியே ஊசிபோல் மெல்லிய பச்சைத் துண்டுகள் ஆறேழை ஒட்ட வேண்டும். செம்பருத்தியில் இந்தப் புறப்புல்லி வட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது பூவை அடையாளம் காட்டுவதே அதுதான்.

இலை, மொட்டு, காம்பு

பூ எவ்வளவு நன்றாக அமைந்தாலும் இலை தவறினால் செடியே தவறாகிவிடும். செம்பருத்தி இலை முட்டை வடிவம், ஓரத்தில் பற்கள், மேற்புறம் பளபளப்பு. கப்பலரளி இலை நீண்டது. கிளை நுனியில் கொத்தாக நிற்கும். போகன்வில்லா இலை சிறியது, நுனி கூரானது. பச்சை கிரேப்பை நடு நரம்பிலிருந்து இருபுறமும் சாய்கோணத்தில் வெட்டி, இரு பாதிகளையும் நடுவில் கம்பி வைத்து ஒட்டினால் சுருக்கக் கோடுகள் இறகுபோல் விரிந்து கிளை நரம்பாகும். பளபளப்புக்கு, காய்ந்த இலைமேல் நீர்த்த வெள்ளைப் பசையை ஒருமுறை பூசலாம்.

இலைகளை ஒரே பச்சையில் வெட்டக் கூடாது. கிளையின் மேலே இளம்பச்சை, கீழே அடர்பச்சை, ஓரிரண்டில் மஞ்சள் ஓரம் என்று மாற்ற வேண்டும். ஒரு கிளைக்கு முழுதாக விரிந்த பூ ஒன்று, பாதி விரிந்தது ஒன்று, மொட்டு இரண்டு என்று வைப்பது நல்ல அளவு. செம்பருத்தி ஒவ்வோர் இலைக்கோணத்திலும் தனித்தனியாகப் பூக்கும்; ஒரே இடத்தில் நான்கைந்தைச் சேர்த்துக் கட்டினால் அது எந்தச் செடியிலும் இல்லாத கொத்தாகிவிடும். கடைசியில் காம்பை நேராக விடாமல் பூவின் எடைக்கு இசைவாகச் சற்று வளைக்க வேண்டும்.

நிறம்

ஆலையில் சாயமேற்றிய தாள் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். எந்தப் பூவும் அப்படி இருப்பதில்லை. நிறத்தை மூன்று வழியில் கூட்டலாம்: உலர்ந்த பேஸ்டல் பொடியை விரலால் தேய்ப்பது, நீர்வண்ணத்தைத் தூரிகையால் தொடுவது, வண்ணப் பென்சிலால் நரம்பு இழுப்பது. கிரேப் நீர் பட்டால் சாயம் விடும், சுருக்கமும் தளரும் என்பதால் பேஸ்டலே அதற்குப் பாதுகாப்பானது. கைமுறைக் காகிதம் நீர்வண்ணத்தை நன்கு ஏற்கும். வாடத் தொடங்கிய இதழோரத்துக்கு நீர்த்த தேநீர் டிகாஷனின் பழுப்பு பொருத்தமானது. இதழை வடிப்பதற்கு முன்பே, தட்டையாக இருக்கும்போது, நிறம் தீட்டுவது எளிது.

தொடக்கத்தில் நேரும் பிழைகள்

இதழ்கள் எல்லாம் அச்சு வார்த்தாற்போல் இருப்பது முதல் பிழை. வார்ப்பு ஒன்றானாலும் வெட்டும்போது ஓரத்தைச் சற்று மாற்றலாம். வடிக்கும்போது குழிவைக் கூட்டிக் குறைக்கலாம். காம்பு பருத்துப்போவது இரண்டாவது. பூவின் அடியில் தாளும் நூலும் டேப்பும் சேரச்சேர முடிச்சு உண்டாகிறது; இதழ் அடியின் கூடுதல் தாளைச் சாய்வாகச் சீவிவிட்டுச் சுற்றினால் அது மறையும். அளவு கூடிவிடுவது மூன்றாவது. விரல்களுக்கு வசதியாக இருப்பதால் பூவைப் பெரிதாக்கத் தோன்றும். செய்து முடித்த பூவை உண்மைப் பூவின் அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். அவசரம் நான்காவது. ஒட்டிய ஒவ்வொரு பகுதியையும் காயவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும் என்பதால், இரண்டு மூன்று பூக்களின் உறுப்புகளைச் சேர்த்தே வெட்டி வைத்து மாற்றி மாற்றிச் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

காத்தல்

கடலோர ஊர்களில் காகிதப் பூவுக்கு முதல் பகை ஈரக்காற்று. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிரேப் இதழ்கள் தளர்ந்து தொங்கும். அந்த மாதங்களில் பூக்களை மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பதால் சன்னலோரம் ஏற்றதல்ல. மைதாப் பசை சேர்த்த பூக்களை இராமபாணப் பூச்சி அரிக்கும். பெட்டிக்குள் காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வைக்கலாம். தூசியை மென்மையான தூரிகையால் தட்ட வேண்டும், ஈரத்துணி கூடாது. காகிதமும் மெழுகுநாடாவும் விரைவில் தீப்பற்றுபவை. குத்துவிளக்கு, ஊதுவத்தி, சூடான மின்விளக்கு ஆகியவற்றின் அருகில் வைக்கவே கூடாது.

தொழிலாகச் செய்யும்போது

பழக்கம் கைவந்தவர்களுக்கு இது வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில். தாள், கம்பி, பசை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறியது. விலையின் பெரும்பகுதி உழைக்கும் நேரத்துக்கானது. ஒரு கிளையை முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து, ஊரின் நாள்கூலியோடு அதைக் கணக்கிட்டு, பொருள் செலவையும் சேதாரத்தையும் சேர்த்தே விலை வைக்க வேண்டும். நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விற்பவர்கள் நல்ல வேலை செய்தும் நட்டப்படுகிறார்கள். குழுவாகச் செய்யும்போது ஒருவர் வெட்ட, ஒருவர் நிறம் தீட்ட, ஒருவர் கட்ட என்று பிரித்துக்கொண்டால் வேகம் கூடும். ஆனாலும் ஒவ்வொருவரும் ஒரு முழுப் பூவைத் தனியாகச் செய்யத் தெரிந்திருப்பது தரத்தைக் காக்கும்.

பிளாஸ்டிக் பூக்களோடு விலையில் போட்டியிட முடியாது. அச்சில் வார்த்த பூவில் இல்லாத நுட்பத்தையும், அந்தந்த மண்ணின் பூக்களையும் தருவதில்தான் கைவேலையின் இடம் இருக்கிறது. ரோஜாவும் டூலிப்பும் எங்கும் கிடைக்கும். பூவரசும் கொன்றையும் ஆவாரையும் நந்தியாவட்டையும் காகிதத்தில் கிடைப்பது அரிது. செம்பருத்திவரை செய்யத் தெரிந்தவர் அடுத்து பூவரசை எடுக்கலாம். செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்ததால் அதே திருகு இதழும் மகரந்தக் குழலும் அதிலும் உண்டு. அதன்பின் கொன்றையின் தொங்கும் சரத்துக்குப் போகலாம். ஒவ்வொரு புதுப் பூவுக்கும் வேலை ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது: மூன்று பூக்களைப் பறித்து, ஒன்றைப் பார்த்து, ஒன்றைப் பிரித்து, ஒன்றைப் பிளந்து, வார்ப்பு வரைவது.